பழைய மோட்டார் சைக்கிளில் கியர் ‘டொக்’ என்று இடிக்கிறதா? எஞ்சினை இறக்கும் முன் இதையெல்லாம் பாருங்கள்

மலேசியாவில் பி2 மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் கையில் வந்த வாரமே புது வண்டி வாங்க நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு முடிகிறது? அப்பா வேலைக்கு ஓட்டிய ஹோண்டா ஈஎக்ஸ்5, சித்தப்பா வீட்டுப் பின்கட்டில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்த யமஹா ஆர்எக்ஸ்இஸட், யாரோ விற்றுவிட்டுப் போன மோடெனாஸ் கிரிஸ், இப்படி ஒன்றுதான் கிடைக்கும். கிக் உதைத்தால் கிளம்பும், பிரேக் பிடிக்கும், விளக்கு எரியும். கியர் மாற்றும்போது மட்டும் காலுக்கடியில் ‘டொக்’ என்று ஓர் இடி. உடனே “கியர் பாக்ஸ் போச்சு” என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறையிலிருந்து பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்குப் பினாங்குப் பாலம் வழியாக அப்பாவின் ஈஎக்ஸ்5-இல் போய் வந்த காலம். பதின்மூன்றரைக் கிலோமீட்டர் பாலத்தில் நான்காவது கியரிலேயே போய்விடலாம், ஒன்றும் தெரியாது. பாலம் இறங்கி முதல் சிக்னலில் நின்று மறுபடி முதல் கியர் போடும்போது பக்கத்தில் நிற்பவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தம் வரும். ஒரு பட்டறையில் காட்டினேன். ஓட்டிக்கூடப் பார்க்காமல் எஞ்சினை இறக்க வேண்டும் என்றார்கள். பணம் புரட்டிக்கொண்டிருந்த வாரத்தில் எங்கள் வரிசை வீட்டு மாமா ஒருவர், வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றச் சொல்லிப் பின்சக்கரத்தைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினார். “எஞ்சின்ல ஒண்ணுமில்லடா தம்பி. ஹப்புக்குள்ள ரப்பர் செத்துப் போச்சு, அதான் இடிக்குது” என்றார். நான்கு ரப்பர் துண்டுகள் மாற்றியதும் இடி போய்விட்டது. எஞ்சினில் ஒரு நட்டைக்கூடத் தொடவில்லை.

அன்றிலிருந்து இந்த விஷயத்தில் எனக்கு ஒரே பிடிவாதம்: வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும். காசு செலவாகாததை முதலில், எஞ்சினைப் பிரிப்பதைக் கடைசியில். கீழே சொல்வதும் அந்த வரிசையில்தான்.

சத்தம் எங்கே பிறக்கிறது

மோட்டார் கியர் பாக்ஸில் இரண்டு தண்டுகள் இருக்கின்றன. ஒன்று கிளட்ச் வழியாக எஞ்சினோடு சுற்றும். மற்றது செயின் வழியாகப் பின்சக்கரத்தோடு சுற்றும். இரண்டிலும் உள்ள பல்சக்கரங்கள் எப்போதும் ஜோடி ஜோடியாகக் கோத்தபடிதான் இருக்கும். நாம் பெடலை மிதித்ததும் உள்ளே ஓர் உருளை திரும்பும், அதன் பள்ளத்தில் ஓடும் கவை ஒன்று ஒரு பல்சக்கரத்தைப் பக்கவாட்டில் தள்ளும். அந்தச் சக்கரத்தின் பக்கத்தில் துருத்திக்கொண்டிருக்கும் தடித்த முட்டுகள், அடுத்த சக்கரத்தின் குழிகளுக்குள் போய் மாட்டும். கியர் விழுவது என்பது இதுதான். முட்டு குழியில் விழும் அந்த நொடியில் இரும்பும் இரும்பும் மோதுகின்றன.

ஆகவே கொஞ்சம் சத்தம் எல்லா மோட்டாரிலும் உண்டு. நியூட்ரலிலிருந்து முதல் கியர் போடும்போது ‘டக்’ என்று கேட்பது நோய் இல்லை. அந்த ‘டக்’ பெரிய ‘டொக்’ ஆவதற்கு இரண்டு காரணங்கள்தான் முக்கியம். ஒன்று, இரண்டு தண்டுகளின் வேகமும் வித்தியாசமாக இருப்பது: கிளட்ச் முழுதாக விடுபடாமல் எஞ்சின் பக்கத்துத் தண்டு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும்போது முட்டு போய் இடிக்கும். இரண்டு, வழியில் எங்கோ தளர்வு இருப்பது: செயினிலோ பின்சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பிலோ இருக்கும் இடைவெளி ஒரேயடியாக மூடும்போது சின்ன மோதலும் பெரிதாகக் கேட்கும். எண்ணெய், கிளட்ச், ஐடிலிங் (திராட்டல் கொடுக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம்), செயின், ரப்பர் என்று எதைப் பார்த்தாலும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் தேடுகிறோம்.

முதலில் காது

ஒரு வாரம் வண்டியை ஓட்டிக் கவனியுங்கள். காலையில் மட்டும் சத்தமா, எஞ்சின் சூடான பிறகுமா? முதல் கியரில் மட்டுமா, எல்லாக் கியரிலுமா? கியர் மாற்றாமல் வெறுமனே திராட்டலை விட்டுப் பிடித்தாலும் இடிக்கிறதா? கடைசிக் கேள்வி மிக முக்கியம். கியரைத் தொடாமலே இடிக்கிறது என்றால் கிளட்சைவிடச் செயினையும் ஹப்பையும்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். ஒரு கியர் மட்டும் ஓடும்போது தானாகக் கழன்று விழுகிறது என்றால் கடைசிப் பகுதிக்கு நேரே போய்விடுங்கள்.

எண்ணெய்

காரில் எஞ்சினுக்கு ஓர் எண்ணெய், கியர் பாக்ஸுக்கு வேறோர் எண்ணெய். நம் நான்கு ஸ்ட்ரோக் மோட்டாரில் ஒரே எண்ணெய்தான் பிஸ்டனையும் கிளட்ச் தட்டுகளையும் கியர் பற்களையும் நனைக்கிறது. பற்களுக்கிடையே நசுங்கி நசுங்கி எண்ணெயின் கெட்டித்தன்மை போய்விடும். ஈஎக்ஸ்5, கிரிஸ் போன்ற கைப்பிடி கிளட்ச் இல்லாத சிறு வண்டிகளைக் கப்சாய் என்போம்; பழைய கப்சாய்கள் பலவற்றில் காரில் இருப்பது போன்ற தாள் ஃபில்டரும் கிடையாது. ஒரு கம்பி வலையும், அழுக்கைச் சுழற்றி ஒதுக்கும் ஒரு கிண்ணமும்தான். அதனால் எண்ணெய் மாற்றுவதைத் தள்ளிப் போட்டால் முதலில் காட்டிக்கொடுப்பது கியர்தான். நான் 2000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுகிறேன். பழைய வண்டிக்கு அது அதிகமில்லை என்பது என் கருத்து.

கடையில் ‘மின்யாக் ஹித்தாம்’ (கறுப்பு எண்ணெய், அதாவது எஞ்சின் எண்ணெய்) என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். புட்டியின் பின்பக்கம் ‘ஜாசோ எம்ஏ’ அல்லது ‘எம்ஏ2’ என்று இருக்கிறதா பாருங்கள். எண்ணெயில் நனைந்தபடி ஓடும் கிளட்சுக்கு ஏற்றது என்பதற்கான ஜப்பானியத் தர அடையாளம் அது. ‘எம்பி’ என்று இருந்தால் அது பெரும்பாலும் ஸ்கூட்டர்களுக்கானது. கார் எண்ணெய் மலிவாகக் கிடைக்கிறது என்று ஊற்றினால், எரிபொருள் மிச்சப்படுத்த அதில் சேர்த்திருக்கும் வழுக்குப் பொருள் கிளட்சை வழுக்க வைத்துவிடலாம். கெட்டித்தன்மைக்கு உங்கள் வண்டியின் கையேடு சொல்லும் எண்ணைப் பின்பற்றுங்கள். தடித்த எண்ணெய் ஊற்றினால் சத்தம் அடங்கும் என்பார்கள். சூட்டில் கொஞ்சம் அடங்கும், உண்மைதான். ஆனால் காலையில் அதே தடித்த எண்ணெய் கிளட்ச் தட்டுகளை ஒன்றோடொன்று ஒட்ட வைத்து முதல் கியரை இன்னும் பலமாக இடிக்க வைக்கும்.

மாற்றும் முறை: எஞ்சினை மூன்று நான்கு நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். சமதளத்தில் நடு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். அடியில் உள்ள வடிகால் போல்ட்டைக் கழற்றி எண்ணெயைத் தட்டில் பிடியுங்கள். அவசரப்படாமல் முழுக்க வடியவிடுங்கள். இந்த இடத்தில் ஒரு காரியம் கட்டாயம் செய்ய வேண்டும்: வடிந்த எண்ணெயை வெளிச்சத்தில் பாருங்கள், ஒரு சிறு காந்தத்தை உள்ளே விட்டு எடுங்கள். மசிபோல மெல்லிய சாம்பல் பூச்சு காந்தத்தில் ஒட்டியிருந்தால் பழைய வண்டிக்கு அது இயல்பு. நகத்தால் எடுக்கக்கூடிய இரும்புச் செதில் ஒட்டியிருந்தால் உள்ளே ஏதோ உடைகிறது. ஒட்டாத கறுப்புத் துணுக்குகள் பெரும்பாலும் கிளட்ச் தட்டின் தேய்மானம்.

போல்ட்டை மாட்டும்போது வாஷரைப் புதிதாகப் போடுங்கள், மிதமாக இறுக்குங்கள். அந்த மறை அலுமினியத்தில் வெட்டியது. பலத்தைக் காட்டினால் மறை போய்விடும், பிறகு அது தனிச் செலவு. ஒரு லிட்டர் புட்டி வாங்கினால் ஒரு லிட்டரும் ஊற்ற வேண்டும் என்பதில்லை. ஈஎக்ஸ்5 போன்ற கப்சாய்களுக்கு அதைவிடக் குறைவாகவே போதும். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, எஞ்சினை ஒரு நிமிடம் ஓட்டி அணைத்து, இரண்டு மூன்று நிமிடம் பொறுத்து அளவுக் குச்சியைப் பாருங்கள். ஹோண்டா கப்சாய்களில் குச்சியைத் திருகாமல் சும்மா நுழைத்து எடுத்துத்தான் அளக்க வேண்டும். பழைய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். நம் பினாங்கில் சாக்கடை எல்லாம் கடலுக்குத்தான் போகிறது. அதே புட்டியில் நிரப்பிப் பட்டறையில் கொடுத்தால் வாங்கிச் சேர்த்து வைப்பார்கள்.

ஆர்எக்ஸ்இஸட், 125இஸட் போன்ற இரண்டு ஸ்ட்ரோக் வண்டி வைத்திருப்பவர்கள் இதைத் தனியாகப் படியுங்கள். நீங்கள் அடிக்கடி ஊற்றும் 2டி எண்ணெய் பெட்ரோலோடு எரிந்து போய்விடும், அது கியருக்குப் போவதில்லை. கியர் பாக்ஸில் வேறோர் எண்ணெய் தனியாக இருக்கிறது. 2டி ஊற்றுகிறோமே என்ற நிம்மதியில் அந்த எண்ணெயை வருடக்கணக்கில் யாரும் தொடுவதில்லை. பழைய ஆர்எக்ஸ்இஸட் வாங்கினால் முதல் நாள் முதல் வேலையாக அதை மாற்றுங்கள்.

கிளட்ச்

கைப்பிடி கிளட்ச் உள்ள வண்டியில் லீவரின் நுனியை விரலால் இழுத்துப் பாருங்கள். கனம் தட்டும் முன் 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை சும்மா ஆட வேண்டும். அதைவிட அதிகம் ஆடினால் நீங்கள் முழுக்க இழுத்தாலும் கிளட்ச் முழுக்க விடாது, கியர் இடிக்கும். ஆட்டமே இல்லாவிட்டால் கிளட்ச் வழுக்கும். கேபிளின் இரு முனையிலும் உள்ள திருகில் சரிசெய்யலாம். கேபிள் உறைக்குள் எண்ணெய் விட்டு, லீவர் முளைக்குக் கொஞ்சம் கிரீஸ் வையுங்கள். நுனியில் ஒரு நூல் கம்பி அறுந்து பிரிந்திருந்தாலும் கேபிளையே மாற்றிவிடுங்கள்.

பிறகு ஒரு சோதனை. நடு ஸ்டாண்டில் ஏற்றி, எஞ்சின் சூடான பிறகு, கிளட்சை முழுக்க இழுத்து முதல் கியர் போடுங்கள். பின்சக்கரம் மெதுவாகச் சுற்றும், அது எண்ணெய் இழுப்பது. பிரேக்கை லேசாக மிதித்தால் சக்கரம் நிற்க வேண்டும், எஞ்சின் தடுமாறக்கூடாது. தடுமாறினால் கிளட்ச் விடவில்லை. சக்கரத்தின் அருகே கையையோ துணியையோ கொண்டுபோக வேண்டாம்.

கப்சாயில் கைப்பிடி கிளட்ச் இல்லை என்பதால் அதில் கிளட்சே சரிசெய்ய வேண்டியதில்லை என்று நினைக்கிறார்கள். நான் பார்த்த இடிக்கும் கப்சாய்களில் பாதிக்கு மருந்து இங்கேதான் இருந்தது. நீங்கள் பெடலை மிதிக்கும் முதல் பாதி கிளட்சை விடுவிக்கிறது, மறுபாதிதான் கியரைத் திருப்புகிறது. அந்த முதல் பாதி சரியாக அமைய எஞ்சினின் வலப்பக்க மூடியில் ஒரு நட்டும், அதன் நடுவில் ஒரு திருகும் இருக்கும்.

ஹோண்டா கப்சாய்களுக்கான முறை இது. எஞ்சினை அணைத்துவிட்டு நட்டைத் தளர்த்துங்கள். நடுத் திருகைக் கடிகாரச் சுற்றில் ஒரு முழுச் சுற்று திருப்புங்கள். பிறகு எதிர்ச்சுற்றில் மெல்லத் திருப்பிக்கொண்டே வாருங்கள். ஓரிடத்தில் விரலுக்கு லேசான கனம் தட்டும், அங்கே நிறுத்துங்கள். அங்கிருந்து மறுபடி கடிகாரச் சுற்றில் எட்டில் ஒரு பங்கு சுற்று. அவ்வளவுதான். ஸ்குரூ டிரைவரால் திருகை அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்குங்கள். இறுக்கும்போது திருகும் சேர்ந்து சுற்றிவிட்டால் முழுவதையும் மறுபடி செய்ய வேண்டும். எனக்கு முதல் முறை நான்கு தடவை ஆனது. அந்த ‘லேசான கனம்’ எது என்று விரலுக்குப் பழகிய பிறகு ஐந்து நிமிட வேலை. மற்ற கம்பெனி வண்டிகளில் அளவும் திசையும் மாறும், கையேட்டைப் பாருங்கள்.

ஐடிலிங்கையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். கப்சாயின் ஒரு கிளட்ச் எஞ்சின் வேகத்தால் தானாகப் பிடிப்பது. நிற்கும்போது அணைந்துவிடுகிறது என்று யாராவது கார்ப்புரேட்டர் திருகை ஏற்றி வைத்திருந்தால், நின்றிருக்கும்போதே அந்தக் கிளட்ச் பாதி பிடித்துவிடும், முதல் கியர் போட்டதும் வண்டி முன்னால் குதிக்கும். ஈஎக்ஸ்5-க்கு நிமிடத்துக்கு 1400 சுற்று அளவில் இருந்தால் போதும். அணைகிறது என்றால் கார்ப்புரேட்டரைச் சுத்தம் செய்யுங்கள்.

செயினும் ஹப் ரப்பரும்

பழைய ஈஎக்ஸ்5-இல் செயினை முழு உறை மூடியிருக்கும், அதனாலேயே செயினை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். உறையில் ஒரு சிறு ரப்பர் மூடி உண்டு. அதைப் பிடுங்கி, துளை வழியாகச் செயினின் கீழ் ஓட்டத்தை மேலும் கீழும் தள்ளிப் பாருங்கள். மொத்த ஆட்டம் 25 முதல் 35 மில்லிமீட்டர். பின்சக்கரத்தைக் கையால் சுற்றி நான்கைந்து இடங்களில் பாருங்கள். ஓரிடத்தில் இறுக்கமாகவும் இன்னோரிடத்தில் தொளதொளவென்றும் இருந்தால் செயின் சீராகத் தேயவில்லை. அதை இறுக்கிச் சரிசெய்ய முடியாது. செயினையும் அது ஓடும் இரண்டு பல்சக்கரங்களையும் (ஸ்ப்ராக்கெட்) சேர்த்து மாற்றுங்கள். பல் அலைபோல ஒருபக்கம் சாய்ந்திருந்தாலும் அப்படித்தான்.

இறுக்கும்போது பின் அச்சு நட்டைத் தளர்த்தி, இருபக்கத் திருகுகளையும் சமமாகத் திருப்புங்கள். இருபக்கமும் உள்ள கோடுகள் ஒரே எண்ணில் நிற்க வேண்டும். முடிந்ததும் பின் பிரேக் பெடலை மிதித்துப் பாருங்கள். சக்கரம் பின்னால் நகர்ந்தால் பிரேக் கம்பியின் ஆட்டமும் மாறிவிடும். இதைப் பார்க்காமல் சாலைக்குப் போகாதீர்கள்.

எஞ்சின் ஓடும்போது செயினைத் துடைக்கவோ எண்ணெய் விடவோ ஒருபோதும் கூடாது. செயினுக்கும் ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவே துணி மாட்டினால் விரலையும் சேர்த்து இழுக்கும். சக்கரத்தைக் கையாலேயே சுற்றி எண்ணெய் விடுங்கள். தினமும் பாலம் கடப்பவர்கள், மழையில் நனைந்த நாளெல்லாம் வீடு வந்து கொஞ்சம் எண்ணெய் விட்டால் நல்லது. கடல்காற்றும் மழையும் சேர்ந்தால் செயின் சீக்கிரம் செம்பழுப்பு ஏறிவிடும்.

இனி மாமா காட்டிய சோதனை. நடு ஸ்டாண்டில், எஞ்சின் அணைந்த நிலையில், ஏதாவது ஒரு கியரில் போட்டுப் பின்சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். கண் ஸ்ப்ராக்கெட்டின் மேல் இருக்கட்டும். உறை மறைத்தால் கழற்றிவிடுங்கள். கொஞ்சம் ஆட்டம் எப்போதும் இருக்கும். ஆனால் ஸ்ப்ராக்கெட் அசையாமல் நிற்க, சக்கரம் மட்டும் தனியாக ‘கடக் கடக்’ என்று ஆடினால், ஹப்புக்குள் இருக்கும் டம்பர் ரப்பர் தேய்ந்துவிட்டது. நல்ல ரப்பர் கைக்கு மெத்தைபோல எதிர்க்கும். சக்கரத்தைக் கழற்றினால் உள்ளே ரப்பர்த் துண்டுகள் தெரியும். என் வண்டியில் எடுத்தவை விளிம்பு கரைந்து, நடுவில் வெடித்து, அழுத்தினால் நசுங்காத அளவுக்குக் காய்ந்திருந்தன. புதியதைப் போடும்போது கைக்கு இறுக்கமாக இருக்கும், அப்படித்தான் இருக்க வேண்டும். பழைய ரப்பருக்குப் பக்கத்தில் டியூப் துண்டைச் செருகும் வழக்கம் உண்டு. சில வாரத்தில் அது நசுங்கிவிடும், செய்யாதீர்கள்.

காலும் பெடலும்

பெடலைக் கையால் பிடித்து ஆட்டுங்கள். தண்டின் மேல் அது வழுக்கி ஆடினால் பெடலின் பள்ளங்கள் தேய்ந்திருக்கும், அல்லது போல்ட் தளர்ந்திருக்கும். மிதி முழுதாக உள்ளே போய்ச் சேராது. வண்டி எப்போதாவது இடப்பக்கம் விழுந்திருந்தால் தண்டு வளைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

மிதிக்கும் விதமும் முக்கியம். கப்சாயில் திராட்டலை விட்டு, பெடலை ஒரே சீராக முழுக்க மிதித்து, கியர் விழுந்ததை உணர்ந்த பிறகு காலை மெல்ல விடுங்கள். படாரென்று மிதித்து உடனே விட்டால் கிளட்ச் ஒரேயடியாகப் பிடிக்கும். இறக்கும்போது குதிகாலால் மிதித்துப் பிடித்தபடியே திராட்டலைத் துளி கொடுத்துக் காலை விடுங்கள். கைப்பிடி கிளட்ச் வண்டியில் நியூட்ரலிலிருந்து முதல் கியர் போடும் முன், கிளட்சை இழுத்து ஒன்றிரண்டு நொடி பொறுங்கள். அந்தத் தண்டு வேகம் குறைய அந்த நேரம் வேண்டும்.

ஒரு நாளைக்கு ஒரு மாற்றம்தான் செய்யுங்கள், ஓட்டிப் பாருங்கள், பிறகு அடுத்தது. எல்லாவற்றையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் செய்துவிட்டால் எது குணமாக்கியது என்று தெரியாமல் போகும்.

எஞ்சினை எப்போது இறக்குவது

மேலே சொன்னதெல்லாம் முடிந்தும் மூன்று அடையாளங்களில் ஒன்று இருந்தால் தயங்க வேண்டாம். காந்தத்தில் இரும்புச் செதில். பெடல் மிதித்த பிறகு தானாக நடுநிலைக்குத் திரும்பாமல் தொங்குவது: உள்ளே திருப்பும் ஸ்பிரிங் போயிருக்கலாம், பல வண்டிகளில் அதற்குக் கிளட்ச் பக்க மூடியைத் திறந்தால் போதும். மூன்றாவது, ஏற்றத்தில் இழுக்கும்போது கியர் கழன்று விழுவது. பாயா தெருபோங்கிலிருந்து பாலிக் பூலாவ் போகும் துன் சார்டோன் மலைச்சாலையில் இரண்டாம், மூன்றாம் கியரில் ஏறிப் பார்த்தால் இது வெளிப்பட்டுவிடும். பின்னால் வாகனம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போங்கள். அப்படிக் கழன்றால் முட்டுகளின் விளிம்பு உருண்டு தேய்ந்துவிட்டது, அல்லது கவை வளைந்துவிட்டது. அந்த வண்டியைத் தினசரி ஓட்டாதீர்கள். பாலத்தின் நடுவில் கியர் கழன்றால் பின்னால் வருபவருக்குத் தெரியாது.

போமேனிடம் (மெக்கானிக்கிடம்) போகும்போது “சத்தம் வருது” என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்தக் கியரில், சூட்டிலா குளிரிலா, எதையெல்லாம் ஏற்கெனவே மாற்றியாயிற்று என்று சொல்லுங்கள். கிளட்ச் மூடியைத் திறக்கும்போதே கிளட்ச் கூடையின் விரல்களைக் காட்டச் சொல்லுங்கள். தட்டுகள் இடித்து இடித்து அதில் பல்போலப் பள்ளம் விழுந்திருந்தால், தட்டு அதில் மாட்டிக்கொண்டு கிளட்ச் விடாது. பள்ளம் சிறிதாக இருந்தால் அரத்தால் தேய்த்து மட்டமாக்கலாம், ஆழமாக இருந்தால் கூடையை மாற்ற வேண்டும். சில நேரம் வேலை அங்கேயே முடிந்து, எஞ்சினை இறக்க வேண்டியதே இல்லாமல் போகும்.

இறக்கித்தான் ஆக வேண்டும் என்றால், தேய்ந்த பல்சக்கரத்தோடு அது மாட்டும் ஜோடியையும் கவையையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். பேரிங், ஆயில் சீல், கேஸ்கெட் எல்லாம் அப்போதே முடிந்துவிட வேண்டும், ஏனென்றால் செலவில் பெரும்பங்கு பிரித்துப் பூட்டும் கூலிதான். கழற்றிய பாகங்களைத் திரும்பக் கேட்டு வாங்குங்கள். கவையின் இரண்டு நுனிகளையும் வெளிச்சத்தில் பாருங்கள். உரசிச் சூடேறி நீலம் பாய்ந்திருந்தால், ஒரு நுனி மட்டும் மெலிந்திருந்தால், நீங்கள் கொடுத்த காசு சரியான இடத்துக்குத்தான் போயிருக்கிறது.